சாணை பிடித்தும் வெட்டாத கத்தியும் அரிவாளும்: கோளாறு எங்கே, எப்படிச் சரிசெய்வது

சாணை பிடித்து வாங்கிய கத்தி தக்காளித் தோலில் வழுக்குகிறது. அல்லது முதல் நாள் மயிரையே அறுக்கும் போல இருந்துவிட்டு, மூன்றாம் நாள் வெங்காயத்தை நசுக்குகிறது. அரிவாளாக இருந்தால் நாலு இளநீர் சீவுவதற்குள் வாய், அதாவது வெட்டும் விளிம்பு, மடங்கிவிடுகிறது. உடனே எல்லாரும் செய்வது, வேறொருவரிடம் கொடுத்து இன்னொரு முறை சாணை பிடிப்பதுதான். கருவி சீக்கிரம் ஒழிய அதைவிட நல்ல வழி கிடையாது. ஒவ்வொரு சாணையும் இரும்பைத் தின்னும். கோளாறு இன்னதென்று தெரியாமல் கொடுத்தால் இரும்பு போகும், கோளாறு அப்படியே இருக்கும்.

மோசமான சாணையால் வருகிற கோளாறுகள் விரல் விட்டு எண்ணக்கூடியவை: வாயோரத்தில் இரும்புப் பிசிறு நிற்பது, வாய் சூட்டில் வெந்துபோவது, முனை கரைவது, விளிம்பு அலையாவது, வாயை நோக்கிச் சாய்த்துத் தேய்த்த சரிவு மாறிப்போவது. பலவற்றை வீட்டில் ஒரு கல்லை வைத்தே சரிசெய்யலாம். சில பட்டறைக்குப் போக வேண்டியவை. எது எந்த வகை என்று பிரித்துப் பார்ப்பதில்தான் வேலையே இருக்கிறது. கீழே சொல்லும் வரிசையை மாற்றாதீர்கள். அவசரப்பட்டு ஒரு படியை முன்னால் செய்தால் அடுத்த படிக்கு வேண்டிய தடயம் அழிந்துவிடும்.

1. முதலில் கழுவாதீர்கள்

சாணையிலிருந்து வந்த கத்தியில் கருப்புப் பொடி ஒட்டியிருக்கும். பார்த்ததும் புளியோ சாம்பலோ போட்டு, இல்லாவிட்டால் இரும்பு நாரால், நன்றாகத் தேய்த்துக் கழுவத்தான் கை போகும். கொஞ்சம் பொறுங்கள். ஈரத் துணியால் பொடியை மட்டும் ஒற்றி எடுங்கள்.

காரணம் நிறம். வேகமாகச் சுழலும் கல்லில் மெல்லிய வாய் சூடேறும்போது இரும்பின்மேல் ஒரு படலம் உண்டாகிறது. எவ்வளவு சூடு ஏறியது என்பதை அந்தப் படலமே காட்டிக்கொடுத்துவிடும். இளமஞ்சள் என்றால் ஏறத்தாழ 220 டிகிரி செல்சியஸ், பழுப்பு என்றால் 250–260, ஊதா 280 வாக்கில், நீலம் 300ஐ ஒட்டி. புளியும் இரும்பு நாரும் இந்தப் படலத்தைத் துடைத்து எடுத்துவிடும். அப்புறம் வாய் வெந்ததா இல்லையா என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது.

பகல் வெளிச்சத்தில் வாய் நெடுகப் பாருங்கள், முனைப் பக்கம் இன்னும் கவனமாக. முனையில் இரும்பு குறைவு, ஏறிய சூடு பரவிப் போக இடம் இல்லை, அதனால் அதுதான் முதலில் வேகும். நிறம் தெரிகிற இடத்துக்கு நேரே, முதுகுப் பக்கத்தில் மார்க்கர் பேனாவால் ஒரு கோடு போட்டு வையுங்கள். அதன் பிறகு தாராளமாகக் கழுவித் துடைக்கலாம்.

2. எடுத்து வைக்க வேண்டியவை

ஒரு பக்கம் சொரசொரப்பும் மறுபக்கம் நைசும் உள்ள தீட்டுக்கல் ஒன்று. வாட்டர் பேப்பர் 120, 220, 400, 1000 எண்களில் ஒவ்வொரு தாள். மார்க்கர் பேனா, டார்ச், கொஞ்சம் பஞ்சு, பழைய தோல் பெல்ட். அரிவாளுக்கு ஒரு பழைய பிவிசி குழாய்த் துண்டும், கருவியை இறுக்கிப் பிடிக்க ஒரு சி கிளாம்ப்போ வைஸோ வேண்டும். கல் நகராமல் இருக்க அடியில் ஈரச் சாக்கைப் போடுங்கள்.

அம்மியும் வாசற்படியும் வேண்டாம். அம்மி நடுவில் குழிந்திருக்கும், படிக்கல்லில் மேடு பள்ளம் இருக்கும். அதில் தீட்டினால் வாய் உருண்டுபோகும். வீட்டில் கிடக்கும் பழைய தீட்டுக்கல்லும் இப்படித்தான் நடுவில் தேய்ந்திருக்கும். அதன்மேல் இரும்பு ஸ்கேலை நிறுத்தி, அடியில் வெளிச்சம் தெரிகிறதா பாருங்கள். தெரிந்தால் ஒரு தரை ஓட்டின்மேல் 120 எண் தாளை ஈரமாக ஒட்டி, கல்லை அதில் தேய்த்துத் தட்டையாக்குங்கள். அலுப்பான வேலைதான். ஆனால் குழிந்த கல்லில் கோணம் பார்த்துத் தீட்டுவதெல்லாம் வீண்.

3. பிடியை ஒட்டிய அரை அங்குலத்தைப் படியுங்கள்

வட்டக் கல் பிடி வரைக்கும் வராது. அதனால் கத்தியிலும் அரிவாளிலும் பிடியை ஒட்டி அரை அங்குலமாவது சாணை படாமல் தப்பித்திருக்கும். வெட்டுவதற்கு அந்த இடம் உதவாது என்பதால் யாரும் அதைத் திரும்பிப் பார்ப்பதில்லை. ஆனால் பட்டறையில் அடித்தவர் வைத்த சரிவும், அவர் காய்ச்சித் தோய்த்துக் கொடுத்த பதமும் கெடாமல் அங்கேதான் மிச்சம் இருக்கின்றன.

அந்த இடத்தை டார்ச் அடித்துப் பாருங்கள். சரிவு எவ்வளவு அகலம், இரண்டு பக்கமும் இருக்கிறதா, ஒரு பக்கம் மட்டுமா? கைபேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இனிச் செய்யப்போகும் எல்லாமே வாயின் மற்றப் பகுதியை இந்த அரை அங்குலத்துக்கு ஒப்பாகக் கொண்டுவருகிற வேலைதான்.

4. வெளிச்சம், பஞ்சு, பலகை

மூன்று சோதனை. எதிலும் கட்டைவிரலை வாய் நெடுக ஓட்ட வேண்டியதில்லை.

வெளிச்சம்: வாயை மேலே பார்க்கவைத்து டியூப்லைட்டுக்கு அடியில் மெதுவாகச் சாய்த்துப் பாருங்கள். கூரான வாய் வெளிச்சத்தைத் திருப்பித் தராது, இருட்டுக் கோடாகத் தெரியும். வெள்ளையாக மினுங்கும் புள்ளி எங்கெல்லாம் இருக்கிறதோ, அங்கெல்லாம் மழுங்கல், மடிப்பு அல்லது பொரிந்த இடம்.

பஞ்சு: முதுகிலிருந்து வாய்க்கு வெளியே போகும் திசையில் பஞ்சை மெல்ல இழுங்கள், முதலில் ஒரு பக்கம், பிறகு மறுபக்கம். ஒரு பக்கத்தில் மட்டும் நார் சிக்கினால் அங்கே பிசிறு மடங்கி நிற்கிறது. இரண்டு பக்கமும் ஆங்காங்கே சிக்கினால் பிசிறு பாதி ஒடிந்து, வாய் கிழிசலாக இருக்கிறது.

பலகை: இது காய்கறிக் கத்திக்கு மட்டும். தட்டையான பலகையில் வாயை நிறுத்தி, பின்னாலிருந்து டார்ச் அடியுங்கள். கத்தியை முனையிலிருந்து பிடி வரை உருட்டிக்கொண்டே வந்தால், எங்கேயாவது இடைவெளியில் வெளிச்சம் கசிகிறதா என்று தெரியும். கசிந்தால் அங்கே கல் அதிக நேரம் நின்று பள்ளம் பறித்திருக்கிறது. வெண்டைக்காய் வெட்டினால் துண்டுகள் தோலில் ஒட்டிக்கொண்டு சரம் சரமாக வருமே, அது இந்தப் பள்ளத்தால்தான்.

5. பிசிறை மட்டும் எடுத்துப் பாருங்கள்

சோதனையில் என்ன தெரிந்தாலும் முதலில் கை வைக்க வேண்டியது பிசிறில். இதில் இரும்பு ஏறக்குறைய இழப்பே இல்லை. தெருச் சாணையில் வாய் நன்றாகவே வந்திருக்கும், ஆனால் பிசிறை எடுக்காமல் கொடுத்திருப்பார்கள். அப்படியானால் வேலை இந்தப் படியிலேயே முடிந்துவிடும்.

பிசிறு என்பது, ஒரு பக்கம் தேய்க்கும்போது இரும்பு மறுபக்கம் சுருண்டு ஒரு மெல்லிய கம்பியாக நிற்பது. புதிதாக இருக்கும்போது அது காகிதத்தைக்கூட வெட்டும். அதனால்தான் சாணை பிடித்தவர் காகிதத்தை வெட்டிக் காட்டும்போது நாம் நம்பிவிடுகிறோம். இரண்டு நாள் சமையலில் அது மடங்கிப்போகும், அடியில் இருக்கும் உண்மையான வாய் அதற்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும்.

கல்லின் நைஸ் பக்கத்தை நனைத்துக்கொள்ளுங்கள். சரிவு கல்லில் படியும்படி கத்தியை வைத்து, வாய் முன்னே போகும் விதமாக, கல்லிலிருந்து ஒரு மெல்லிய தோலைச் சீவுவது போல ஒரு இழுப்பு. உடனே திருப்பி மறுபக்கம் ஒரு இழுப்பு. கத்தியின் சொந்த எடையே போதும், அழுத்தக் கூடாது. இப்படிப் பக்கத்துக்கு ஐந்தாறு. அடுத்து முதுகை ஒரு முடியளவு கூடுதலாகத் தூக்கி, இன்னும் லேசாகப் பக்கத்துக்கு இரண்டு. மறுபடி பஞ்சால் பாருங்கள்.

கற்றுக்கொள்கிறவர்கள் அதிகமாகத் தடுமாறுவது இங்கேதான். ஒரு பக்கம் சிக்குகிறதே என்று அந்தப் பக்கத்தையே இருபது தடவை அழுத்தித் தேய்ப்பார்கள். பிசிறு போகாது, மறுபக்கம் தாவும். அங்கே இருபது தேய்த்தால் திரும்பி வரும். எண்ணிக்கையைக் கூட்டுவதில் பயன் இல்லை. அழுத்தத்தைக் குறைத்து, ஒன்று மாற்றி ஒன்று திருப்புவதுதான் வழி.

இன்னொன்று, நேராகத் தோல் பெல்ட்டுக்குப் போவது. பெரிய பிசிறு பெல்ட்டில் இப்படியும் அப்படியும் மடங்கி, கடைசியில் பிய்ந்து, வாயைக் கிழித்துவிட்டுப் போகும். கல்லில் எடுத்த பிறகு, பஞ்சு எங்கேயும் சிக்காத நிலையில்தான் பெல்ட். அதிலும் வாய் பின்னால் வரும்படி, முதுகு முன்னே போகும்படி இழுக்க வேண்டும். எதிர்த்து இழுத்தால் தோல் அறுந்துவிடும்.

இப்போது வெட்டிப் பாருங்கள். சரியாக வெட்டினால் ஒரு வாரம் புழங்குங்கள். கூர் நின்றால் மேற்கொண்டு எதுவும் செய்ய வேண்டாம்.

6. வெந்த வாய்: எவ்வளவு ஆழம்?

பிசிறு எடுத்தும் கூர் நிற்கவில்லை, அல்லது முதல் படியில் நீலம் பார்த்துக் குறித்து வைத்தீர்கள் என்றால் அடுத்தது இது. வடிவத்தையும் சரிவையும் தொடுவதற்கு முன்பே இதை முடிவு செய்ய வேண்டும். வெந்த இரும்பில் எவ்வளவு அழகாகச் சரிவு வைத்தாலும் அது நிற்காது.

நடப்பது இதுதான். பட்டறையில் வாயைப் பழுக்கக் காய்ச்சித் தோய்த்து, பிறகு அளவாகச் சூடு காட்டி, பதம் கொண்டுவருகிறார்கள். அந்த அளவைத் தாண்டி மறுபடி சூடேறினால் கடினம் குறைந்துகொண்டே போகும். திரும்ப ஆறினாலும் இழந்த கடினம் வராது. காய்கறிக் கத்தியின் வாயில் மஞ்சள் தெரிந்தால் பயப்பட வேண்டாம். ஊதா, நீலம் என்றால் அந்த இடம் மென்மையாகிவிட்டது. மரம் வெட்டும் அரிவாளுக்குப் பதம் கொடுக்கும்போதே ஊதா, நீலம் வரைக்கும் விடுவது உண்டு, அதனால் அரிவாளில் நிறத்தை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது. ஸ்டெயின்லெஸ் கத்தியில் இதே நிறங்கள் வர இன்னும் அதிகச் சூடு வேண்டும். ஆகவே அதில் நீலம் தெரிந்தால் சேதமும் கூடுதல்.

நிறமே இல்லாமலும் வெந்திருக்கலாம். கடைசியில் லேசாக ஒரு இழுப்பு இழுத்தால் நிறம் போய்விடும், மென்மை மட்டும் தங்கிவிடும். அதற்கு அரம் வைத்துப் பாருங்கள். நைஸ் பல் உள்ள சின்ன அரத்தைப் பிடியை ஒட்டிய அந்த அரை அங்குலத்தின் வாயில் லேசாக ஓட்டுங்கள், வழுக்கும். சந்தேகமான இடத்தில் அதே அழுத்தத்தில் ஓட்டும்போது அரம் கடித்தால் அங்கே பதம் போய்விட்டது. முதுகோடு ஒப்பிடாதீர்கள். பல அரிவாள்களில் முதுகை மென்மையாகத்தான் விட்டிருப்பார்கள்.

வெந்தது வாய் ஓரத்தில் ஒரு நூல் அகலம்தான் என்றால் கையால் தேய்த்தே தாண்டிவிடலாம். கல்லின் சொரசொரப்புப் பக்கத்தில், தண்ணீர் விட்டுக்கொண்டே, நிறம் இருந்த இடத்துக்குச் சற்று உள்ளே வரை தேயுங்கள். கண்ணுக்குத் தெரிந்த நிறத்தைவிட மென்மை கொஞ்சம் ஆழமாகவே போயிருக்கும். நேரம் பிடிக்கும். அலுத்துப்போய் மறுபடி மெஷினுக்குப் போனால் புதிதாக இன்னொரு நூல் அகலம் வேகும்.

கால் அங்குலத்துக்கு நீலம் பாய்ந்திருந்தால் கையால் தேய்க்காதீர்கள், பட்டறைக்குக் கொண்டுபோங்கள். லாரியின் ஸ்பிரிங் பட்டையில் அடித்த அரிவாளாக இருந்தால், மறுபடி காய்ச்சி, வாயை அடித்து, தோய்ச்சல் போட்டுப் பழைய பதத்துக்குக் கொண்டுவர முடியும். மதுரையிலிருந்து மானாமதுரை போகும் சாலையில் திருப்புவனம் தாண்டினால் திருப்பாச்சேத்தி. அரிவாள் அடிப்பதற்குப் பேர்போன ஊர் என்பதால், பதம் போன அரிவாளை என்ன செய்யலாம் என்று அங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. உங்கள் ஊரிலேயே கொல்லாசாரி இருந்தால் அவரே போதும். பேருந்தில் கொண்டுபோவதாக இருந்தால் சாக்கில் சுற்றி, வாயை ஒரு பாளைத் துண்டுக்குள் செருகிக் கட்டிக்கொள்ளுங்கள். மதுரைப் பக்கம் வெறும் அரிவாளோடு பேருந்து ஏறினால் உட்கார இடம் உடனே கிடைக்கும், கூடவே விசாரணையும் வரலாம்.

வீட்டுக் கேஸ் அடுப்பில் காய்ச்சி வாளித் தண்ணீரில் முக்குவது வேண்டாம். சூடு ஒரே சீராக ஏறாது. ஏறினாலும், தோய்த்ததோடு விட்ட வாய் கண்ணாடி போல நொறுங்கும். மறுபடி அளவாகச் சூடு காட்டிப் பதத்துக்குக் கொண்டுவரும் இரண்டாவது வேலையைப் பழகின கண்ணால்தான் செய்ய முடியும். ஸ்டெயின்லெஸ் கத்திக்குப் பட்டறையும் உதவாது. வெந்த அளவைத் தேய்த்துக் கழிப்பது ஒன்றே வழி. அகலம் மிஞ்சாது என்று தெரிந்தால் விட்டுவிடுங்கள்.

7. முனையும் அலையும்

சாணை பிடிக்கும்போது கத்தி முனைவழியாகக் கல்லைவிட்டு நழுவும். ஒவ்வொரு நழுவலிலும் முனை கொஞ்சம் உருண்டுபோகும். இதைச் சரிசெய்ய வாய்ப் பக்கத்தைத் தேய்க்காதீர்கள், வளைவு கெட்டுப்போகும். முதுகுப் பக்கத்தை முனையில் மட்டும் சாய்வாகத் தேய்த்து, வாய்க்கோடும் முதுகுக்கோடும் மறுபடி சந்திக்கும்படி கொண்டுவாருங்கள். கத்தி கொஞ்சம் குட்டையாகும், அவ்வளவுதான்.

அலை விழுந்த வாய்க்கு மனதைக் கல்லாக்கிக்கொள்ள வேண்டும். பள்ளத்தை நிரப்ப முடியாது, மேட்டைத்தான் இறக்க முடியும். வாயைக் கல்லில் செங்குத்தாக நிறுத்தி, கத்தியின் வளைவை ஒட்டி உருட்டியபடி தேயுங்கள். கூர் முழுக்கப் போய், வாய் நெடுக ஒரு வெள்ளைக் கோடு விழும். பார்க்கவே வயிறு எரியும். பாதியில் நிறுத்திவிடாமல் பலகைச் சோதனையில் வெளிச்சம் கசிவது நிற்கும் வரை போங்கள். பள்ளம் பிடியை ஒட்டி ஒரு ஓரத்தில் மட்டும் இருந்து, அந்தப் பகுதியால் நீங்கள் வெட்டுவதே இல்லை என்றால் இதற்கெல்லாம் போகாதீர்கள். அதைச் சரிசெய்ய மிச்ச வாய் முழுவதையும் தேய்க்க வேண்டியிருக்கும், அது நஷ்டம்.

8. சரிவு

இந்தப் படியில் நிதானம் வேண்டும். கூர் என்று நாம் சொல்வதில் பாதி, சரிவு.

காய்கறிக் கத்திக்குப் பக்கத்துக்கு 15 முதல் 20 டிகிரி. இளநீர், விறகு வெட்டும் அரிவாளுக்குப் பக்கத்துக்கு 25 முதல் 30. கோணமானி இல்லாமலே அளக்கலாம். கத்தியின் அகலத்தில் கால் பங்கு உயரத்துக்கு முதுகைத் தூக்கினால் ஏறத்தாழ 15 டிகிரி, மூன்றில் ஒரு பங்கு தூக்கினால் 20, பாதி தூக்கினால் 30. அதாவது 4 சென்டிமீட்டர் அகலக் கத்திக்கு முதுகு கல்லிலிருந்து ஒரு சென்டிமீட்டர் உயரத்தில் இருந்தால் 15 டிகிரிக்கு வந்துவிட்டீர்கள். இதைப் பிடியோரத்துச் சரிவோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் பிடியோரத்தையே நம்புங்கள். கருவியை அடித்தவருக்கு அது எதற்கு என்று தெரியும்.

தப்பு மூன்று விதமாக நடக்கும். ஒன்று, சரிவு தடித்துப்போவது. சீக்கிரம் வேலை முடிய வேண்டும் என்று கத்தியை நிமிர்த்திப் பிடித்தால் ஒரு நிமிடத்தில் கூர் வந்துவிடும், ஆனால் வாய்க்குப் பின்னால் இரும்பு ஆப்பு மாதிரி நிற்கும். தொட்டால் கூராக இருக்கும். கேரட்டில் வைத்தால் பாதிதான் வெட்டும், மீதி படக்கென்று பிளந்துகொள்ளும். இதற்கு வாயைத் தீட்டிப் பயன் இல்லை. வாய்க்குப் பின்னால், சரிவு தொடங்கும் மேடான தோளை, 10–12 டிகிரியில் படுக்கவைத்து, சொரசொரப்புக் கல்லில் கரைக்க வேண்டும்.

இரண்டு, அரிவாளைக் கத்தி மாதிரி மெலியவைப்பது. வாழைத்தார் வெட்ட நன்றாக இருக்கும். சீமைக்கருவேலத்தில் ஒரு போடு போட்டதும் வாய் சுருண்டுவிடும். இதுதான் சரிசெய்ய எளிது. நைஸ் கல்லில் 30 டிகிரிக்கு நிமிர்த்திப் பக்கத்துக்கு ஏழெட்டு இழுப்பு. வாய் நுனியில் மட்டும் ஒரு குறுகிய இரண்டாவது சரிவு விழும். அதுவே தாங்கும்.

மூன்று, ஒரே பக்கம் தின்றது. வலக்கைக்காரர் ஒரு பக்கத்தை வசதியாகவும் மறுபக்கத்தை ஒப்புக்கும் பிடித்திருப்பார். பஜ்ஜிக்கு வாழைக்காய் சீவினால் கத்தி ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போய், வில்லை ஒரு ஓரம் தடித்து ஒரு ஓரம் மெலிந்து விழும். குறைவாகத் தேய்ந்த பக்கத்தில் மட்டும் வேலை செய்து சமமாக்குங்கள்.

எந்தத் தப்பாக இருந்தாலும் மார்க்கரைக் கைவிடாதீர்கள். சரிவு முழுக்க மையைப் பூசி, கல்லில் இரண்டு இழுப்பு இழுத்துப் பாருங்கள். வாயோரத்து மை மட்டும் போனால் முதுகை அதிகம் தூக்குகிறீர்கள். தோள்பக்கத்து மை மட்டும் போனால் குறைவாகத் தூக்குகிறீர்கள். மை முழுக்கப் போனால் கோணம் சரி. இதைச் செய்யாமல் “கைக்குப் பழகிடும்” என்று தொடங்குகிறவர்கள், கோணம் ஆடி ஆடி வாயை உருட்டிவிட்டு, கல் மோசம் என்பார்கள்.

ஒரு பக்கத்தை எவ்வளவு தேய்ப்பது? மறுபக்கம் வாய் நெடுகப் பஞ்சு சிக்கும் வரை. அதாவது பிசிறு முழு நீளத்துக்கும் எழும் வரை. அதற்கு முன்பே திருப்பினால் நடுவில் எங்கோ இரண்டு சரிவும் சந்திக்காமல் மழுங்கலாகவே நிற்கும். இரண்டு பக்கமும் முடிந்தபின் நைஸ் பக்கம், 1000 எண் தாள், பிறகு ஐந்தாம் படியில் சொன்ன பிசிறு வேலை மறுபடி.

9. உள்வளைவு: அரிவாளும் அரிவாள்மனையும்

அரிவாளின் வாய் உள்பக்கமாக வளைந்திருப்பதால் தட்டைக்கல் அதைத் தொடாது. இரண்டு ஓரத்திலும் தட்டி நிற்கும். பிவிசி குழாயில் வாட்டர் பேப்பரைச் சுற்றி ஒட்டிக்கொள்ளுங்கள். குழாயின் வளைவு அரிவாளின் வளைவைவிடச் சின்னதாக இருக்க வேண்டும்.

அரிவாளை மேசை ஓரத்தில் மரத்துண்டு கொடுத்து இறுக்குங்கள். காலால் மிதித்துப் பிடிப்பது ஊர்ப்பழக்கம்தான், ஆனால் சறுக்கினால் போவது நரம்பு. குழாயை முதுகிலிருந்து வாய் நோக்கித் தள்ளி, வெளியே போய்விடுங்கள். திரும்பி வரும்போது தூக்கி எடுங்கள், வாயை எதிர்த்துத் தேய்த்து வராதீர்கள். எதிர்த்து வந்தால் தாள் கிழியும், கையும் வாய்க்கு நேரே வரும். 220, 400, 1000 என்று போனால் போதும்.

அரிவாள்மனைக்கு முதலில் கூரைப் பார்க்காதீர்கள், ஆட்டத்தைப் பாருங்கள். சாணைக்காகக் கழற்றி மாட்டும்போது பலகையோடு சேரும் ஆணியோ போல்ட்டோ தளர்ந்திருக்கும். தகடு பக்கவாட்டில் ஆடினால் எவ்வளவு கூர் இருந்தும் வாழைப்பூ நசுங்கும். இறுக்கிவிட்டு வெட்டிப் பாருங்கள். பல நேரம் அதோடு சரி. நுனியில் இருக்கும் தேங்காய்த் துருவியின் பல்லைக் கல் உரசியிருந்தால், முக்கோண அரத்தால் பள்ளங்களை மட்டும் ஆழப்படுத்துங்கள். பல்லின் உச்சியைத் தொடாதீர்கள்.

10. பண்ணரிவாள், கத்தரி

கதிர் அறுக்கும் பண்ணரிவாளை வட்டக் கல்லில் கொடுத்துப் பல் அழிந்து வந்தால், வீட்டில் செய்வதற்கு ஒன்றும் இல்லை. நெல் தாளைப் பிடித்து அறுப்பதே அந்தக் கருக்குத்தான், வழவழப்பான வாய் வழுக்கும். உளி வைத்துப் பல் வெட்டித்தர ஆசாரியால்தான் முடியும்.

தையல் கத்தரியில், இரண்டு அலகும் ஒன்றை ஒன்று உரசும் உள்பக்கம் லேசாகக் குழிந்திருக்கும். அதனால்தான் வெட்டும்போது ஒரு புள்ளியில் மட்டும் தொட்டுக்கொண்டு நகர்கின்றன. தெரியாதவர் உள்பக்கத்தைத் தட்டையாகத் தேய்த்துக் கொடுத்திருந்தால் துணி இரண்டுக்கும் நடுவே மடங்கும். அதைக் கல்லில் வைக்காதீர்கள். மதுரையில் புதுமண்டபத்திலிருந்து குன்னத்தூர் சத்திரத்துக்கு இடம் மாறிய தையல் கடைகளில், அவர்கள் கத்தரியை யாரிடம் கொடுக்கிறார்கள் என்று கேட்டு அங்கே போங்கள்.

11. வெட்டிப் பார்ப்பது

கத்திக்குப் பழுத்த தக்காளி. அழுத்தாமல், கத்தியின் எடையிலேயே தோல் விட வேண்டும். பிடியோரத்திலிருந்து முனை வரை ஒவ்வொரு பகுதியாலும் வெட்டிப் பாருங்கள். நடுப்பகுதியால் மட்டும் வெட்டிவிட்டு முடிந்தது என்று எழுந்துவிட்டால் முனையின் குறை தெரியாது.

அரிவாளைக் காகிதத்தில் சோதிப்பதில் அர்த்தம் இல்லை. காய்ந்த தென்னை மட்டையில் நாலைந்து போடு போட்டுவிட்டு, டியூப்லைட் சோதனையை மறுபடி செய்யுங்கள். வாய் மடங்கியிருந்தால் ஒன்று சரிவு மெலிசு, இல்லை இரும்பு மென்மை. முதலில் இரண்டாவது சரிவு வைத்துப் பாருங்கள், அப்போதும் மடங்கினால் பதம் போயிருக்கிறது, பட்டறைக்குப் போங்கள். வாய் மடங்காமல் துணுக்குத் துணுக்காக உதிர்ந்திருந்தால் பதம் அதிகம். புதிதாகத் தோய்ச்சல் போட்டு வாங்கிய அரிவாளில் இதைப் பார்க்கலாம். அடித்தவரிடமே திருப்பிக் கொடுங்கள், சூடு காட்டி இறக்கித் தருவார்.

துடைத்து, உலரவைத்து, சமையல் கத்திக்குத் தேங்காய் எண்ணெய், அரிவாளுக்குத் தையல் மெஷின் எண்ணெய் ஒரு பூச்சு. தீட்டிய அன்றைக்கே பூசுங்கள். புதிதாகத் தேய்த்த இரும்பில் ஒரே இரவில் துரு ஏறிவிடும்.

12. அடுத்த முறை கொடுக்கும்போது

என்ன கருவியில் பிடிக்கிறார் என்று பாருங்கள். சைக்கிளை மிதித்துச் சுழற்றும் கல் மெதுவாகச் சுற்றும், வாயை வேகவைப்பது குறைவு. மேசையில் பொருத்திய மோட்டார் கல் பொதுவாக நிமிடத்துக்கு 2,800 சுற்று வாக்கில் ஓடும், தண்ணீரில் நனைத்து நனைத்துப் பிடித்தால் பரவாயில்லை. கையில் பிடிக்கும் நாலு அங்குல கிரைண்டர் 11,000 சுற்றுக்குப் போகும். அதில் வெல்டிங் வேலைக்கான வட்டை மாட்டிக் கத்தி தீட்டுகிறவரிடம் கொடுக்காதீர்கள்.

கொடுத்துவிட்டுக் கடைக்குப் போகாமல் பக்கத்தில் நில்லுங்கள். “அண்ணே, ஒவ்வொரு இழுப்புக்கும் தண்ணில நனைச்சுப் பிடிங்க, கை வைக்க முடியாத சூடு ஏற விடாதீங்க” என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். முடிந்ததும் “பிசிறு எடுத்துக் குடுங்கண்ணே” என்று கேளுங்கள். காகிதம் வெட்டிக் காட்டினால் தலையாட்டிவிட்டு, நீங்களே பஞ்சை வைத்துப் பாருங்கள். காசு கொடுப்பதற்கு முன்னால் பாருங்கள். பிடியை ஒட்டிய அரை அங்குலத்தை அவர் தேடித் தேடித் தீட்ட வந்தால், அதை மட்டும் விட்டுவிடச் சொல்லுங்கள்.